கெடாமல் கிடைத்த ஆதிமனித உடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிப்பாறைக்குள் ஒருவர், சதுப்புச் சேற்றில் ஒருவர், பாலைமணலில் ஒரு குழந்தை என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான உடல்கள் கிடைத்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழுகின்றன. எழுத்து தோன்றாத காலத்தில் வாழ்ந்தவர்கள் தங்களைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுப்போன கருவி, கல்லறை, ஓவியம் எல்லாம் யோசித்துச் செய்தவை. வயிற்றில் இருந்த புழுவை யாரும் யோசித்து விட்டுப்போவதில்லை. அதனால்தான் உடல் கிடைத்தால் ஆய்வாளர்கள் இவ்வளவு பரபரப்பாகிறார்கள்.

இறந்த உடல் மக்குவதுதானே இயல்பு? சில உடல்கள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன?

உடலை மக்க வைப்பவை பாக்டீரியா, பூஞ்சை, புழு, பூச்சி. இவை வாழ ஈரம் வேண்டும், ஓரளவு சூடு வேண்டும், பெரும்பாலானவற்றுக்குக் காற்றும் வேண்டும். மூன்றில் ஒன்றைப் பறித்துவிட்டால் போதும். பனி சூட்டைப் பறிக்கிறது. பாலைவனம் ஈரத்தைப் பறிக்கிறது. சதுப்பு நிலம் காற்றைப் பறிக்கிறது.

இதில் சதுப்பின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. வட ஐரோப்பாவில் 'பீட்' என்று ஒருவகை நிலம் இருக்கிறது. செத்த பாசி முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டான கறுப்பு மண். வெட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கலாம். அதிலுள்ள ஸ்பேக்னம் பாசியிலிருந்து கசியும் அமிலப் பொருள், உள்ளே விழுந்த உடலின் தோலைத் தோல் பதனிடுவதுபோலவே பதனிட்டுவிடுகிறது. ஆனால் அதே அமிலம் எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்தும் விடுகிறது. ஆக முகச்சுருக்கம், நகம், தாடி முள் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே எலும்பு மட்டும் மெத்தென்று ஆகியிருக்கும்.

நீரின் தன்மை மாறினால் கதையும் மாறும். அமெரிக்காவின் புளோரிடாவில் விண்டோவர் என்ற இடத்தில் 1982-இல் சாலை போடக் குளத்து மண்ணைத் தோண்டியபோது மண்டையோடுகள் வந்தன. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான இடுகாடு. அந்த நீரில் அமிலம் குறைவு. தோலெல்லாம் போய்விட்டது, எலும்பு நின்றது. 90-க்கும் மேற்பட்ட மண்டையோடுகளுக்குள் சுருங்கிப்போன மூளைத் திசுவும் இருந்தது.

எலும்புக்கூடு போதாதா? முழு உடலில் கூடுதலாக என்ன தெரியும்?

எலும்பு நிறையவே சொல்லும். வயது, ஆணா பெண்ணா, உயரம், சிறுவயதில் பட்டினி கிடந்தாரா, எந்தத் தோள் அதிகம் உழைத்தது என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் எலும்பு மெதுவாக மாறும் பொருள். அதிலிருந்து கிடைப்பது பல ஆண்டுகளின் கூட்டுக்கணக்கு.

தோல், முடி, குடல் எல்லாம் வேறு வேகத்தில் கணக்கு எழுதுகின்றன. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், ஒரு சாண் முடி இருந்தால் ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் உணவு எப்படி மாறியது என்று மாதவாரியாகப் பார்க்கலாம். குடலில் இருப்பதோ கடைசி ஓரிரு நாள் விஷயம். பல் இன்னும் வேறு: அதன் மேற்பூச்சான எனாமல் சிறுவயதில் உருவானதோடு சரி, அப்புறம் மாறுவதில்லை. ஆக ஒரே உடலில் பிள்ளைப்பருவம் பல்லில், போன வருஷம் முடியில், நேற்றைய சாப்பாடு வயிற்றில்.

ஓட்ஸி, ஓட்ஸி என்கிறார்களே, யார் அவர்?

1991 செப்டம்பர் 19 அன்று ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா–இத்தாலி எல்லையருகே, சுமார் 3,210 மீட்டர் உயரத்தில் நடந்துகொண்டிருந்த ஜெர்மானியத் தம்பதியர் ஹெல்முட் சீமோனும் எரிகா சீமோனும் பனி உருகிய பள்ளத்தில் ஒரு முதுகைப் பார்த்தார்கள். விபத்தில் இறந்த மலையேறி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதனால் மீட்க வந்தவர்கள் துளைப்பான் எந்திரத்தை வைத்துப் பனியை உடைத்தார்கள். அது இடுப்பிலும் இறங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தச் சேதம் உடலில் இருக்கிறது.

பக்கத்தில் கிடந்த செம்புக் கோடரியைப் பார்த்த பிறகுதான் தொல்லியலாளர் கொன்ராட் ஷ்பிண்ட்லர் குறைந்தது 4,000 ஆண்டு இருக்கும் என்றார். ரேடியோகார்பன் கணக்கு அதையும் தாண்டி சுமார் 5,300 ஆண்டு என்று காட்டியது. எல்லையை மறுபடி அளந்து பார்த்ததில் அவர் கிடந்த இடம் இத்தாலிக்குள் 92.56 மீட்டர் தள்ளி இருந்தது. இப்போது போல்சானோ அருங்காட்சியகத்தில், மைனஸ் 6 டிகிரியில், ஏறத்தாழ முழு ஈரப்பதத்தில் ஒரு குளிர் அறையில் படுத்திருக்கிறார்.

வயது 45-ஐ ஒட்டி, உயரம் 160 செ.மீ. அவரை முக்கியமாக்குவது பழமை மட்டும் இல்லை. புதைக்கப்பட்டவருடன் இருப்பவை உறவினர் தேர்ந்தெடுத்து வைத்த பொருள்கள். ஓட்ஸியை யாரும் புதைக்கவில்லை. வழியில் போனவர், கையில் என்ன இருந்ததோ அதோடு செத்தார். பாதி செதுக்கிய வில், 14 அம்புகளில் இரண்டு மட்டும் முழுதாகத் தயார், தணல் கொண்டுபோக மேப்பிள் இலை வைத்த மரப்பட்டைக் கூடை, தோல் வாரில் கோத்த காளான் துண்டுகள். வேலை பாதியில் நிற்கும் ஒரு நாளை இப்படி வேறெங்கும் பார்க்க முடியாது.

உடுப்பும் பேசுகிறது. 2016-இல் தோல்களின் மரபணுவைப் பார்த்தபோது மேலங்கி வெள்ளாடும் செம்மறியும் கலந்த ஒட்டுப்போட்ட அங்கி, தொப்பி பழுப்புக் கரடி, அம்பறாத்தூணி ரோ மான், செருப்புக் கயிறு மாடு என்று தெரிந்தது. கையில் கிடைத்த தோலைத் தைத்துக்கொள்ளவில்லை. எதற்கு எந்தத் தோல் என்று தெரிந்த ஆள். கோடரியின் செம்பு இத்தாலியின் நடுப்பகுதியான டஸ்கனியிலிருந்து வந்தது; ஆல்ப்ஸிலேயே செம்பு இருக்கும்போது. சாமான்கள் தொலைதூரம் கைமாறின என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

அவர் எப்படி இறந்தார்?

பத்து ஆண்டுகள் 'குளிரில் விறைத்து இறந்தார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2001-இல் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில்தான் இடது தோளுக்குள் ஒரு கல் அம்புமுனை இருப்பதைக் கண்டார்கள். அது பின்னாலிருந்து எய்த அம்பு. கழுத்தெலும்பின் கீழே ஓடும் தமனியை அறுத்திருந்தது. அத்தனை நிபுணர்கள் சுற்றி நின்ற உடலில், அம்பு உள்ளே இருந்தது பத்து வருஷம் தெரியவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இன்னொன்று வலது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஆழமான வெட்டு, ஆறத் தொடங்கிய நிலையில். அதாவது சாவதற்குச் சில நாள் முன்பே கைகலப்பு ஒன்று நடந்திருக்கிறது. கத்தியைக் கையால் தடுத்தால் விழும் இடம் அது.

அந்தக் கடைசி நாள்களில் எங்கே போனார் என்பதைத் தாவரவியலாளர்கள் குடலில் கிடந்த மகரந்தத்தை வைத்துச் சொன்னார்கள். குடலில் உணவு வரிசையாக நகர்வதால், கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. முதலில் உயரமான காட்டு மரங்களின் மகரந்தம், அடுத்து பள்ளத்தாக்கில் வளரும் மரத்தின் மகரந்தம், கடைசியில் மறுபடி உயரத்து மரம். மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார், திரும்ப ஏறியிருக்கிறார். பள்ளத்தாக்கு மரத்தின் மகரந்தத் துகளுக்குள் உயிரணுப் பொருள்கூட கெடாமல் இருந்ததால் அது பூத்திருந்த பருவம் என்று தெரிகிறது. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் நேரம். இலையுதிர் காலத்தில் இறந்தார் என்று முதலில் நினைத்ததை அந்தத் தூசிதான் மாற்றியது.

5,300 ஆண்டு என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

உயிரோடு இருக்கும்வரை உடலுக்குள் கார்பன்-14 என்ற கதிரியக்க அணு உணவு வழியாக வந்துகொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுபோகும், சிதைவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்து, மர வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினால் காலம் கிடைக்கும். முன்னே சொன்ன ரேடியோகார்பன் கணக்கு இதுதான். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் போனால் மிச்சம் ஏதும் அளக்கத் தேறாது. அப்புறம் வேறு முறைகள்தான்.

வயிற்றில் இருந்ததை வைத்து என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

முடியும், நுணுக்கமாகவே. ஓட்ஸியின் இரைப்பையைப் பல ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்தார்கள். உடல் சுருங்கியதில் அது விலா எலும்புக்கடியில் மேலே ஏறிப் போயிருந்தது. 2009-இல் கண்டுபிடித்தபோது நிறைந்திருந்தது. 2018-இல் வந்த ஆய்வின்படி உள்ளே காட்டு ஆட்டின் இறைச்சியும் கொழுப்பும், செம்மான், ஐன்கார்ன் என்ற பழைய வகைக் கோதுமை, கொஞ்சம் பெரணி இலை. உள்ளே இருந்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்பு. குளிரில் மலையேறுபவர் எதைச் சாப்பிட வேண்டுமோ அதையேதான் சாப்பிட்டிருக்கிறார். பெரணி நச்சுத்தன்மை உள்ளது. மருந்தாகத் தின்றாரா, இறைச்சியைச் சுற்றிக் கட்டி வைத்ததில் ஒட்டி வந்ததா என்று இரண்டு கட்சி இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

டென்மார்க்கின் டோலுண்ட் மனிதரைப் பார்த்தால் இன்னும் நெருக்கமான ஒரு விஷயம். 1950-இல் பீட் வெட்டிக்கொண்டிருந்த குடும்பத்தார் கண்ட முகம் அவ்வளவு புதிதாக இருந்ததால், கொலை என்று போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். கொலைதான், நடந்து 2,400 ஆண்டு ஆகியிருந்தது. 2021-இல் அவருடைய குடலை மறுபடி ஆராய்ந்தார்கள். இறப்பதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு பார்லிக் கஞ்சி குடித்திருக்கிறார். அதில் ஆளிவிதையும் களைச்செடி விதைகளும் கலந்திருந்தன, மீனும் சாப்பிட்டிருக்கிறார். கஞ்சியில் கருகிய பொருக்குத் துணுக்குகள் இருந்தன. மண்பானையில் லேசாக அடிப்பிடித்திருக்கிறது. அடுப்படியில் நின்ற யாரோ ஒருவரின் கவனம் ஒரு நிமிஷம் தப்பியதுகூட இப்போது நமக்குத் தெரிகிறது.

அந்தக் காலத்தில் நோய் நொடி இல்லாமல் திடமாக இருந்தார்கள் என்கிறார்களே?

இதை நம்ப ஆசைதான். உடல்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஓட்ஸியின் தமனிகளில் கால்சியம் படிந்திருந்தது; மலையேறி, வேட்டையாடி, பாக்கெட் உணவே பார்க்காத ஒருவருக்கு இதய நோய்க்கான மரபணுச் சாய்வு இருந்தது. வயிற்றில் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி இருந்தது. குடலில் சாட்டைப்புழு. மூட்டுகளில் தேய்மானம். பால் செரிக்காத உடம்பு வேறு. டோலுண்ட் மனிதருக்கும் சாட்டைப்புழு, நாடாப்புழு, உருண்டைப்புழு என்று மூன்று வகைக் குடல்புழுக்கள்.

2015-இல் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கிடைத்த வெண்கலக்காலப் பற்களில் பிளேக் கிருமியின் மரபணு கிடைத்தது, ஏறக்குறைய 5,000 ஆண்டு பழையது. நகரமும் கப்பலும் பெருகிய பிறகு வந்த நோய் என்ற எண்ணம் அதோடு போயிற்று. ஆனால் அந்தப் பழைய கிருமிகளில், தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் பிழைத்திருக்க உதவும் மரபணு இல்லை. ஆகவே பிற்காலம்போல எலி, தெள்ளு வழியாகப் பரவியிருக்க வாய்ப்பு குறைவு.

அப்படியானால் எல்லோரும் 30 வயதுக்குள் இறந்துவிட்டார்களா?

இல்லை. சராசரி செய்கிற குழப்பம் இது. ஒரு குழந்தை பிறந்ததும் இறக்கிறது, இன்னொருவர் 60 வரை வாழ்கிறார், சராசரி 30. ஆனால் 30 வயதில் இறந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. ஐந்து வயதைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. தாண்டியவர்கள் 50, 60, அதற்கு மேலும் வாழ்ந்திருக்கிறார்கள்.

காயம்பட்டவர், ஊனமுற்றவர் எல்லாம் கைவிடப்பட்டார்களா?

இந்தக் கேள்விக்கு எலும்பே பதில் சொல்லிவிடுகிறது. வெட்டுப்பட்ட எலும்பு ஆறியிருந்தால் காயத்துக்குப் பின்னும் ஆள் உயிரோடு இருந்தார் என்று பொருள். எவ்வளவு ஆறியிருக்கிறது என்பதிலிருந்து எத்தனை நாள், எத்தனை வருஷம் என்றும் கணக்கிடலாம்.

போர்னியோத் தீவில் லியாங் டெபோ என்ற குகையில் கிடைத்த இளைஞர் ஒருவரின் எலும்புக்கூடு 31,000 ஆண்டு பழையது. இடது காலின் கீழ்ப்பகுதி இல்லை. எலும்பின் முனை நேராக வெட்டப்பட்டு, மூடி, ஆறியிருந்தது. விபத்தில் நசுங்கியதோ விலங்கு கடித்ததோ இப்படி இருக்காது. சிறுவனாக இருந்தபோது யாரோ காலை அறுத்து எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு ஆறு முதல் ஒன்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறார். 2022-இல் இது வெளியானபோது, நமக்குத் தெரிந்த அடுத்த பழமையான உறுப்பு நீக்கம் சுமார் 7,000 ஆண்டு பழையதாகத்தான் இருந்தது. ரத்தத்தை நிறுத்த, சீழ் பிடிக்காமல் பார்க்க, ஒற்றைக்காலுடன் மலைக்குகையில் வாழ வைக்க எத்தனை பேர் வேண்டும்?

நம் இனத்தோடும் இது நிற்கவில்லை. ஈராக்கின் ஷானிடார் குகையில் 1957-இல் எடுக்கப்பட்ட ஒரு நியாண்டர்தால் மனிதர் வலது கையின் பெரும்பகுதியை இழந்தவர். முகத்தில் பட்ட அடியால் ஒரு கண் பார்வை போயிருக்கலாம். காதுக்குழாயில் எலும்பு வளர்ந்து காது கேட்பதும் குறைந்திருந்தது. இதோடு நாற்பதை ஒட்டிய வயதுவரை வாழ்ந்திருக்கிறார். அதே குகையில் இன்னொருவரைப் பூ வைத்துப் புதைத்ததாக ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியது. அந்த மகரந்தத்தை வளை தோண்டும் பிராணிகளோ தேனீக்களோ கொண்டுவந்திருக்கலாம் என்று பின்னால் மறுத்தார்கள். பூக்கதை அழகானது, ஆனால் கையில்லாதவரின் ஆறிய எலும்புதான் எனக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிகிறது.

ஓட்ஸியின் பச்சைகுத்தல் அழகுக்கா, வைத்தியத்துக்கா?

61 குறிகள். எல்லாம் வெறும் கோடு, கூட்டல் குறி. பெரும்பாலும் கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால். அதாவது அவருக்கு மூட்டுத் தேய்ந்திருந்த இடங்கள், அதுவும் உடுப்புக்குள் மறையும் இடங்கள். வலிக்கு வைத்தியம் என்ற கருத்து இதிலிருந்துதான் வந்தது. இதற்கு நேர்மாறு சைபீரியாவின் உக்கோக் பீடபூமியில் 1993-இல் உறைபனியில் கிடைத்த சுமார் 2,500 ஆண்டு பழமையான பெண். தோளிலும் கையிலும் கொம்பு சுழன்ற மான், கற்பனை விலங்கு. அது பார்க்க வைக்கவே குத்தியது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது நம் வசதிக்குத்தான்.

சதுப்பில் கிடைத்தவர்கள் பலரும் கொல்லப்பட்டவர்களாமே?

பலர் ஆம். டோலுண்ட் மனிதர் கழுத்தில் தோல் கயிற்றுச் சுருக்கு இருந்தது. 1952-இல் கிடைத்த கிரவுபல்லே மனிதரின் கழுத்து காதிலிருந்து காதுவரை அறுபட்டிருந்தது. பலியா, தண்டனையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். டோலுண்ட் மனிதரின் கண்ணும் வாயும் மூடி, தூங்குவதுபோலக் கிடத்தப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் பிணத்தை எரிப்பதே வழக்கம். குற்றவாளியை இவ்வளவு பொறுப்பாகப் படுக்க வைப்பார்களா என்ற கேள்வி பலி பக்கம் தள்ளுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கம்போல எரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் சாம்பலாகப் போய்விட்டார்கள். சதுப்பில் போடப்பட்ட விதிவிலக்குகள்தான் நம் கையில் இருக்கிறார்கள். அவர்களை வைத்து 'அக்காலம் ரத்தக் காலம்' என்று முடிவுகட்டினால், செய்தித்தாளின் குற்றப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஊரை எடைபோட்ட மாதிரி ஆகும்.

மம்மி என்றால் எகிப்துதானே முதலில்?

இல்லை. தென் அமெரிக்காவில், சிலி–பெரு கடற்கரையில் வாழ்ந்த சின்ச்சோரோ மக்கள் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே உடல்களைப் பதப்படுத்தினார்கள். எகிப்தியருக்கு இரண்டாயிரம் ஆண்டு முந்தி. அரசர் இல்லை, கோயில் இல்லை, பயிர்த்தொழில்கூட இல்லை. மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். தோலை உரித்து, தசையை அகற்றி, எலும்புக்குக் குச்சி வைத்துக் கட்டி, களிமண்ணும் புல்லும் திணித்து, மேலே கறுப்பு மாங்கனீசு பூசி, முகமூடி செய்து வைத்தார்கள்.

யாருக்கு இவ்வளவும் செய்தார்கள் என்றால், பிறந்த சிசுக்களுக்கும் கருவிலேயே இறந்தவற்றுக்கும்கூட. அங்குள்ள ஆற்றுநீரில் இயற்கையாகவே ஆர்சனிக் அதிகம். மம்மிகளின் முடியிலும் அது இருக்கிறது. ஆர்சனிக் நீர் கருச்சிதைவை அதிகமாக்கும். குழந்தைகளை இழந்து இழந்துதான் இந்த வழக்கம் பிறந்தது என்று சிலியின் ஆய்வாளர் பெர்னார்டோ அரியாசா கருதுகிறார். உறுதி செய்ய வழியில்லாத கருத்து, ஆனால் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. ஆண்கள் பலரின் காதுக்குழாயில் எலும்பு வளர்ச்சியும் இருந்தது. அது குளிர்ந்த கடலில் ஓயாமல் மூழ்கி எழுபவர்களுக்கு வருவது.

எங்கே பிறந்தார், எங்கே போனார் என்றெல்லாம் சொல்கிறார்களே, நம்பலாமா?

முறை சரியானது. நிலத்துக்கு நிலம் பாறையில் ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தின் ஐசோடோப் (எடை மட்டும் மாறுபட்ட அணு) விகிதம் மாறும். அது நீர், பயிர் வழியாகச் சிறுவயதுப் பல்லில் ஏறிவிடும். ஓட்ஸியின் பல்லை வைத்து, அவர் இறந்த இடத்திலிருந்து 60 கி.மீ. சுற்றுவட்டாரத்திலேயே வாழ்ந்து முடித்தவர் என்றார்கள்.

சிக்கல் எங்கே வரும் என்பதற்கு எக்ட்வெட் பெண் நல்ல உதாரணம். டென்மார்க்கில் 1921-இல் ஓக் மரப் பெட்டிக்குள் கிடைத்தவள், கி.மு. 1370-ஐச் சேர்ந்தவள், 16–18 வயது. நூல் தொங்கும் குட்டைப் பாவாடை, வயிற்றில் வெண்கலத் தட்டு. முடி, பல், நகம் எல்லாம் இருக்க எலும்பு மட்டும் கரைந்துபோன உடல். 2015-இல், இவள் தென் ஜெர்மனிப் பக்கத்திலிருந்து வந்தவள், கடைசி இரண்டு ஆண்டில் போய்வந்துகொண்டிருந்தாள் என்று பெரிய செய்தி. 2019-இல் வேறு இருவர் ஒப்பிட எடுத்த நிலங்களில் இக்கால விவசாயிகள் போட்ட சுண்ணாம்பு கணக்கைக் கெடுத்துவிட்டது, அவள் உள்ளூர்ப் பெண்ணாகவே இருக்கலாம் என்றார்கள். முதல் குழு ஒத்துக்கொள்ளவில்லை. பல்லை அளந்ததில் யாருக்கும் தகராறு இல்லை. எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் எல்லாம்.

முகத்தை உருவாக்கிக் காட்டுகிறார்களே, அது நிஜ முகமா?

மண்டையோடு நெற்றி, தாடை, கன்ன எலும்பைக் கொடுக்கும். மூக்கு நுனி, உதடு, காது எல்லாம் கலைஞரின் ஊகம். ஓட்ஸிக்கு 2011-இல் செய்த சிலையில் நீண்ட தலைமுடியும் வெளிர் தோலும் இருக்கும். 2023-இல் அவருடைய மரபணுவை மறுபடி படித்தபோது தோல் கருமையானது, தலை வழுக்கையாகியிருக்க வாய்ப்பு அதிகம், முன்னோர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) வந்த உழவர்கள் என்று தெரிந்தது. 2012-இல் படித்த முதல் வரைவில் இன்றைய மனிதர்களின் டிஎன்ஏ கலந்திருந்தது. இதில் வேடிக்கை, மம்மியின் தோல் முதல் நாளிலிருந்தே கருமையாகத்தான் இருந்தது, தலையிலும் முடி இல்லை. பனி செய்த வேலை என்று எண்ணி யாரும் கண்ணால் கண்டதை நம்பவில்லை.

ஆளையே மாற்றிச் சொன்னதுண்டா?

உண்டு. 1835-இல் டென்மார்க்கில் கிடைத்த ஒரு பெண்ணை, கதைகளில் வரும் குன்ஹில்ட் ராணி என்று நம்பி, மன்னர் செலவில் அலங்காரப் பேழை செய்து தேவாலயத்தில் வைத்தார்கள். 1977-இல் காலம் பார்த்தால் கி.மு. 490. ராணிக்கும் அவளுக்கும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளி.

1983-இல் இங்கிலாந்தின் லிண்டோ சதுப்பில் பெண் மண்டையோடு ஒன்று வந்தது. அருகில் வசித்த ஒருவர், மனைவியைக் கொன்று புதைத்ததாகத் தானே ஒப்புக்கொண்டார். பிறகு அளந்தால் மண்டையோட்டுக்கு 1,700 ஆண்டுக்கு மேல். ஒப்புதல் வாக்குமூலம் நின்றது, தண்டனையும் கிடைத்தது. மனைவியின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை.

சூடான நாடுகளில் ஏன் இப்படிக் கிடைப்பதில்லை?

சூடும் ஈரமும் சேர்ந்தால் தோல் மட்டுமில்லை, எலும்புக்குள் இருக்கும் டிஎன்ஏவும் நொறுங்கிவிடும். சிந்துவெளி நகரமான ராகிகடியின் ஆய்வில் 61 மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்துதான் படிக்கத்தக்க மரபணு கிடைத்தது, 2019-இல் வெளியிட்டார்கள். ஆதிமனித வாழ்க்கை என்று நாம் படிப்பதில் பாதிக்கு மேல் குளிர்நாட்டுக்காரர்களாக இருப்பதற்குக் காரணம், அங்கே வாழ்ந்தவர்கள் அதிகம் என்பதல்ல. குளிர்பெட்டி அங்கே இருந்தது.

இறந்தவர்களைக் காட்சிக்கு வைப்பது சரியா?

பதில் இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்காவின் நெவாடாவில் ஸ்பிரிட் குகையில் 1940-இல் முயல்தோல் போர்வை சுற்றிய ஒரு மனிதர் கிடைத்தார். இரண்டாயிரம் ஆண்டுக்குள் இருக்கும் என்று பெட்டியில் போட்டு வைத்தார்கள். 1990-களில் அளந்தால் பத்தாயிரத்துக்கு மேல். எங்கள் முன்னோர், திருப்பிக் கொடுங்கள் என்று அப்பகுதிப் பழங்குடியினர் நெடுநாள் போராடினார்கள். கடைசியில் மரபணுச் சோதனை அவர்கள் பக்கமே பேசியது. 2016-இல் ஒப்படைத்தார்கள், 2018-இல் புதைத்துவிட்டார்கள். இனி அவரை ஆராய முடியாது. அறிவியலுக்கு நஷ்டம்தான், ஆனால் உரிமை கேட்க ஆள் இருக்கும்போது வேறு முடிவு எடுத்திருக்கக் கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஓட்ஸியைத் தொட்டவர்கள் சாவார்கள் என்ற சாபம் உண்மையா?

இல்லை. அவரைத் தொட்டவர்கள், ஆராய்ந்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். முப்பது வருஷத்தில் அவர்களில் சிலர் இறப்பது சாபம் இல்லாமலே நடக்கும்.

ஒருமுறை ஆராய்ந்தாகிவிட்டால் உடலை ஏன் இன்னும் பாதுகாக்க வேண்டும்?

டோலுண்ட் மனிதரிடம் கேட்கலாம். 1950-இல் முழு உடலையும் காக்கும் வழி தெரியாமல் தலையை மட்டும் பதப்படுத்தினார்கள். மீதி காய்ந்து சுருங்கி, துண்டுகளாகப் பல கைகளுக்குப் போயிற்று. சில்கெபோர்க் அருங்காட்சியகத்தில் இன்று படுத்திருப்பவரின் தலை மட்டுமே அசல், உடல் பிற்பாடு செய்து பொருத்தியது. ஆனால் அன்று குடலைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 71 ஆண்டு கழித்து, அடிப்பிடித்த கஞ்சி வெளியே வந்தது.